குணமாகி வீடு திரும்பியவர்கள்

சுப்பு சமையலறை வாசலில் வந்து நின்றபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. கல்லூரியிலிருந்து கரமனை அக்ரஹாரம் வரை ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறான். சட்டைக்குள்ளிருந்து ஒரு ஆங்கிலப் பத்திரிகையை உருவினான். அதன் அட்டை வேர்வையில் நனைந்து வளைந்திருந்தது.

"மன்னி, அண்ணா பிழைச்சாச்சு," என்றான்.

சீதாலக்ஷ்மி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கும்பா தனி, கரண்டி தனி. சென்ற மழைக்காலத்தில் அவள் கணவன் நாகேஸ்வரனுக்கு இருமல் வந்தது. பிறகு கைக்குட்டையில் சிவப்பு தெரிந்தது. வைத்தியர் க்ஷயம் என்றார். அன்றிலிருந்து வீடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மச்சு அறையில் அவன். கீழே அவளும், அவனுடைய தம்பி சுப்புவும். வேறு பெரியவர்கள் யாரும் இல்லை.

"மெள்ளப் பேசு. தூங்கறார்."

"தூங்கட்டும். எழுந்தா நல்ல சேதி இருக்கு. நம்மூர்லே சீமைக்குப் போய்ப் படிச்சுட்டு வந்து, குன்று மேலே ஆஸ்பத்திரி வச்சிருக்காரே, டாக்டர் தாணுலிங்கம் பிள்ளை..."

"தங்க ஊசி டாக்டர்."

"அவரேதான். அவர் எழுதின கட்டுரை மதராஸ் வைத்தியப் பத்திரிகையிலே அச்சாயிருக்கு. எங்க கெமிஸ்ட்ரி சார் மேஜையிலேருந்து எடுத்துண்டு வந்தேன்."

"கேட்டுண்டா எடுத்தே?"

"நாளைக்குக் கேப்பேன்."

தங்க ஊசி பற்றித் தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தங்கத்தை ஏதோ உப்பாக மாற்றி நரம்பில் ஏற்றுவார்களாம். சிலருக்கு உடம்பெல்லாம் தடித்துத் தோல் உரியுமாம். சிலருக்கு மூத்திரத்தில் இரத்தம் போகுமாம். தாங்கிக்கொண்டால் நோய் போய்விடும் என்றும் சொன்னார்கள். போகலாமா வேண்டாமா என்று நாகேஸ்வரனிடம் கேட்டால், "நீ சொன்னா போறேன்," என்று மட்டும் சொல்வான். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். அவன் அப்படித் திரும்பிக்கொள்வதுதான் அவளுக்கு நோயைவிடப் பயமாக இருந்தது. அவன் உயிரை அவள் நாக்கு நுனியில் வைத்துவிட்டு அவன் தூங்கப் போய்விடுகிறான்.

சுப்பு அடுப்படியிலேயே உட்கார்ந்து, விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டுத் தமிழில் சொன்னான்.

"'இந்தச் சிகிச்சை பெற்றவர்களிலே பெரும்பாலோர் குணமாகி வீடு திரும்பினார்கள். இந்த நோயைப் பற்றிய பயத்துக்கு இனி இடமில்லை என்று சொல்லத் துணிகிறேன்.' பயத்துக்கு இடமில்லையாம், மன்னி. அவரே துணியறார். நமக்கென்ன?"

"இன்னொரு தரம் வாசி."

இன்னொரு தரம் வாசித்தான். குணமாகி வீடு திரும்பினார்கள். கேட்கக் கேட்க அவளுக்குக் கண்முன் ஒரு ஊர்வலமே தெரிந்தது. குன்றுச் சரிவில் வெயிலில் வரிசையாக மனிதர்கள் இறங்கி வருகிறார்கள். அவர்களில் ஒருவன் நாகேஸ்வரன், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"யார் யார்னு போட்டிருக்கா?"

"பேர் போட மாட்டா. விவரம் போட்டிருக்கா. ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண். விழிஞ்ஞத்து மீன்காரர் ஒருத்தர். அப்புறம் இதைக் கேளு, இது நம்மவா. 'நோயாளி பிராமணர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருபவர். வந்தபோது எழுந்து நிற்கவும் முடியாதவர். வார்டில் மற்றவர்களுக்குக் கணக்குப் புதிர் போட்டு, விடை தெரியாதவர்களைக் கேலி செய்கிற அளவுக்கு உற்சாகம் திரும்பியது. தாமே நடந்து சென்று வண்டியில் ஏறினார். குடும்பத்தார் மிகுந்த திருப்தியோடு அழைத்துச் சென்றனர்.'"

சீதாலக்ஷ்மி கும்பாவைக் கீழே வைத்தாள்.

"இது நம்ம சேஷன் வாத்தியார்னா?"

"சேஷன் வாத்தியாரா? அவர்தான் செத்துப் போயிட்டாரே."

சுப்பு அந்த வரிகளை மறுபடி விரலால் தொட்டுப் பார்த்தான்.

"வேற யாராவது வாத்தியாரா இருக்கும்," என்றான் சுப்பு.

"தங்க ஊசி போட்டுண்டு, புதிரும் போட்ட கணக்கு வாத்தியார் இந்த ஊர்லே எத்தனை பேர்டா?"

"ஆனா அச்சாயிருக்கே, மன்னி."

"நான் போய் அழுதுட்டு வந்தேனே."

சேஷனின் வீடு அதே தெருவில் ஆற்றுப் பக்க வரிசையில்தான். அவரைக் கிடத்தியிருந்த கூடத்தை அவள் பார்த்திருக்கிறாள். ஆனாலும் சுப்புவின் மடியில் அந்தப் பத்திரிகை விரிந்து கிடந்தது. அதன் எழுத்துகள் கறுப்பாக, ஒழுங்காக, சந்தேகமே இல்லாமல் இருந்தன. தான் பார்த்ததுதான் எங்கேயோ பிசகிவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றியது.

மறுநாள் பிற்பகல், ஆற்றுக்குப் போகிற கொல்லைப் பாதை வழியாகச் சேஷனின் மனைவி சூடாமணியைப் பார்க்கப் போனாள். கணவர் போய் வருஷம் முடியாததால் சூடாமணி வெளியே வருவதில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து பலாக்கொட்டையின் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வா சீதா. முன் வாசலை எல்லாரும் மறந்தாச்சு. நீயும் கொல்லை வழி கத்துண்டுட்டே."

"அப்படியில்லே, மாமி."

"சாரமில்லே, போகட்டும், உக்காரு. ஆத்துக்காரருக்கு எப்படி இருக்கு?"

சீதாலக்ஷ்மி உட்கார்ந்து, கூடவே ஒரு கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கட்டுரையைப் பற்றி அப்படியே சொல்லிவிட்டாள். சூடாமணியின் கை நின்றது.

"அச்சிலே போட்டிருக்காளா? இவரையா?"

"பேர் இல்லே. வாத்தியார்னுதான் போட்டிருக்கா. வார்டிலே புதிர் போட்டார்னு."

"அது நெஜம். அந்த மீன்காரன் பாவம், விடை தெரியாம ராத்திரியெல்லாம் முழிச்சுண்டு கிடப்பானாம்." அவள் முகம் இளகியிருந்தது. "வேற என்ன போட்டிருக்கா?"

"குணமாயிட்டார்னு. தானே நடந்து போய் வண்டியிலே ஏறினார்னு."

"ஏறினார். அதுவும் நெஜம்தான்."

"நெஜமா?"

"ரெண்டு பக்கமும் பிடிச்சுக்க ஆள் வந்தது. வேண்டாம்னுட்டார். டாக்டர் வாசல்லே நின்னு பார்த்துண்டிருந்தாரல்லவோ, அவருக்குச் சங்கடமாயிடப்படாதுன்னு பல்லைக் கடிச்சுண்டு நடந்தார். வண்டி குன்று திரும்பினதும் என் மடியிலே சாஞ்சார். அப்புறம் தானா நிமிரவே இல்லே."

"பின்னே எதுக்கு மாமி கூட்டிண்டு வந்தேள்?"

சூடாமணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்பது போல் இருந்தது அந்தப் பார்வை. "எங்க அண்ணா வந்து பார்த்தார். இனி நாள் இல்லே, ஆத்துக்குக் கொண்டு போயிடணும்னார். அங்கேயே போயிட்டா இந்தத் தெருவுக்குள்ளே கொண்டு வர விடுவாளா? கோவில் இருக்கிற தெரு. நேரா ஆத்தங்கரைச் சுடுகாடுதான். பொறந்து வளர்ந்த கூடத்திலே ஒரு நிமிஷம் கிடத்தக்கூட வேண்டாமா?"

அது சீதாலக்ஷ்மிக்கும் தெரியும். தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். உயிர் ஊசலாடும்போதே வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார்கள்.

"டாக்டர்ட்ட என்ன சொன்னேள்?"

"குணமிருக்கு, இனி ஆத்திலே வச்சுப் பார்த்துக்கறோம்னோம். வேற என்னத்தைச் சொல்றது? பெத்த பிள்ளை மாதிரி பார்த்த மனுஷன். உங்க ஊசி பலிக்கலேன்னு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வருமா? அண்ணா ஒரு குலை ஏத்தம்பழமும் கொடுத்துட்டு வந்தார்."

"அப்புறம் சேதி சொல்லி அனுப்பலையா?"

"சாவுக்குச் சொல்லி அனுப்பறப்போ டாக்டரை யார் நெனச்சுக்கறா?"

பொய் சொன்னது யார் என்று சீதாலக்ஷ்மி யோசித்துப் பார்த்தாள். டாக்டர் பார்த்ததை எழுதியிருக்கிறார். இவர்கள் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள். சேஷன் நடந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர் இல்லை.

"ஊசி நல்லதா, கெட்டதா, மாமி? அதை மட்டும் சொல்லுங்கோ."

"எனக்கென்னடி தெரியும்? மொதல்லே எடை கூடித்து. கன்னம்கூட வந்தது. அப்புறம் ஏதோ ஆச்சு. ஊசி போடாட்டா இன்னும் சீக்கிரம் போயிருப்பாரோ என்னவோ. போட்டதுனாலேதான் போனாரோ." சூடாமணி மறுபடி ஒரு கொட்டையை எடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எழுதினதை மாத்தச் சொல்லிடாதே, கேட்டியோ. எங்கேயாவது ஒரு எடத்திலே அவர் நடந்து போயிண்டிருக்கட்டும்."

டாக்டரின் ஆஸ்பத்திரி வட்டியூர்க்காவுப் பாதையில் ஒரு குன்றின் மேல், முந்திரி மரங்களுக்கு நடுவில் இருந்தது. சீதாலக்ஷ்மியும் சுப்புவும் போனபோது தாணுலிங்கம் பிள்ளை வராந்தாவில் நின்று ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். சீமைக்குப் போய் வந்தவர் என்றாலும் பேச்சு அப்படியே சுசீந்திரத்துப் பேச்சுதான். சுப்புவின் கையில் பத்திரிகையைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வாங்கோ, வாங்கோ. வாசிச்சேளா? தம்பி காலேஜா? என் இங்கிலீசு எப்பிடி?"

"நன்னா இருக்கு, சார்," என்றான் சுப்பு. பத்திரிகையை நீட்டவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் நின்றான்.

சீதாலக்ஷ்மிதான் சொன்னாள். "அந்தக் கணக்கு வாத்தியார் எங்க தெரு."

"அப்பிடியா? எப்பிடி இருக்காரு மனுசன்? எனக்கு ஒரு புதிரு போட்டுட்டுப் போனாரு பாத்துக்கிடுங்கோ, இன்னும் விடை கிட்டல்ல. கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன்."

"அவர் இல்லே."

"எங்க போயிருக்காரு?"

"தவறிப் போயிட்டார். ஆத்துக்கு வந்த நாலஞ்சு நாள்லேயே."

டாக்டரின் வாய் மெல்வதை நிறுத்தியது. பிறகு, ஒரு குழந்தையைத் திருத்துவது போலப் பொறுமையாகச் சொன்னார். "இல்லம்மா. அவரு நடந்துல்லா போனாரு. நான் பாத்தேன். இந்தா, இந்தப் படியிலதான் நின்னேன்."

"நடந்தார். நீங்க சங்கடப்படப்படாதுன்னு நடந்தாராம்."

வீட்டுக்குக் கொண்டு போகிற வழக்கத்தைச் சுப்பு சொன்னான். டாக்டருக்கு அந்த வழக்கம் தெரியாமல் இல்லை. அவர் ஊரிலும் உண்டு. ஆனால் அது தன் ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டுப் போகும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். இவர்களை உட்காரச் சொல்லவும் மறந்துவிட்டார்.

"குணமிருக்குன்னுதான் எல்லாரும் சொன்னாங்க," என்றார். "எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் போனாங்க. ஒருத்தர் தேங்கா, ஒருத்தர் பழம்... அப்புறமா எப்பிடி இருக்கியோன்னு கேட்டு எல்லாருக்கும் கார்டு போட்டேன். பதில் வரல்ல. சொகமா இருக்கவன் டாக்டருக்கு எதுக்கு எழுதப் போறான்னு நெனச்சேன். அது தப்பா? நீங்களே சொல்லுங்கோ. அப்பிடித்தானே யாருக்கும் தோணும்?"

 சீதாலக்ஷ்மிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

"அப்போ மத்தவாளும் இல்லேங்கறேளா?" என்றான் சுப்பு.

"நான் ஒண்ணும் சொல்லல்ல தம்பி. எனக்குத் தெரியல்ல." திடீரென்று எழுந்து உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ராகேல், இங்க வா மக்கா."

துணிகளை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். நல்ல உடற்கட்டு, எண்ணெய் மினுங்கும் முகம்.

"இவ போனக்காடு தேயிலைத் தோட்டத்துல உள்ளவ. தூக்கிட்டுத்தான் கொண்டு வந்தாங்க. இப்போ பாருங்கோ. இவ பொய்யா?" டாக்டரின் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"ஊசியிலேதான் சரியாச்சா?" என்று சீதாலக்ஷ்மி அவளைக் கேட்டாள்.

ராகேல் டாக்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஐயா ஊசிதாம்மா. பொறவு பால் குடுத்தாங்க, முட்டை குடுத்தாங்க. கொழுந்து கிள்ளாம ஒரு எடத்துல கெடக்கச் சொன்னாங்க. பொறந்ததுலேருந்து நான் அப்படி ஒரு எடத்துல கெடந்ததில்லம்மா. எது கேட்டுச்சோ, கர்த்தருக்குத்தான் தெரியும்."

"நீ ஊருக்குப் போகலையா?"

"எங்கம்மா போவ? இந்த நோய்க்காரி வேண்டாம்னு தோட்டத்து லயத்து வீட்டுல சேக்க மாட்டேன்னுட்டாங்க. சாவறதுக்குக்கூடக் கூட்டிட்டுப் போவ ஆள் வரல. அதான் பொழைச்சிட்டேன்போல."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்காததால் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

"சார், எங்க அண்ணாவைக் கொண்டு வரதா வேண்டாமா?" சுப்புவின் குரல் உயர்ந்தது. "பயத்துக்கு இடமில்லேன்னு நீங்கதானே எழுதினேள்?"

"எழுதும்போது தெரிஞ்சிருந்துது," என்றார் டாக்டர். "இப்போ தெரியல்ல. தப்புன்னு எழுதி அனுப்புகேன். ஆனா பாரு தம்பி, பலிச்ச கதைன்னா பத்திரிகைக்காரன் ஓடி வந்து வாங்கிப் போடுவான். பலிக்காததை எவன் போடுவான்?" பிறகு சீதாலக்ஷ்மியின் பக்கம் திரும்பினார். "கொண்டு வாங்கோன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். நான் கண்ணால பாத்தது இந்த ராகேல் ஒருத்திதான்னு ஆயிப்போச்சு."

திரும்பி வரும்போது ஜட்காவில் சுப்பு பத்திரிகையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தான். இனி நாகேஸ்வரனிடம் என்ன சொல்வது என்று சீதாலக்ஷ்மி யோசித்துக்கொண்டே வந்தாள். போகலாம் என்று சொல்ல ஒரு காரணம், வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் என்று தேடினாள். இரண்டுக்கும் அதே காரணங்கள்தான் வந்து நின்றன.

மச்சு அறையில் நாகேஸ்வரன் தலையணையில் சாய்ந்து ஒரு மொழிபெயர்ப்பு நாவல் படித்துக்கொண்டிருந்தான். சர்க்கார் கச்சேரியில் கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருவன் கீழே வாசல் ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போனது.

"இதிலேயும் ஒருத்திக்கு க்ஷயம்," என்றான். "பனிமலைக்குப் போறா. அங்கே எல்லாரும் போர்வையைப் போத்திண்டு தர்க்கம் பண்றா. நம்மூர்லே இந்த வேர்வையிலே என்னத்தைத் தர்க்கம் பண்றது?"

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்: கட்டுரை, சூடாமணி, வாத்தியார் நடந்தது, பழக்குலை, ராகேல். அவன் புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துக் கேட்டான். நடுவில் ஒரு முறை இருமினான்.

"எங்க கச்சேரியிலேயும் அப்படித்தான்," என்றான். "மனுக் கொடுத்தவன் திரும்பி வரலேன்னா விஷயம் தீர்ந்ததுன்னு எழுதிடுவோம். அவனுக்குக் கிடைச்சுதா, நடந்து நடந்து அலுத்துப் போனானான்னு யார் பார்த்தா? சரி, கடைசியிலே டாக்டர் என்னதான் சொன்னார்?"

"தெரியலேன்னார்."

"அந்த வார்த்தையையே சொன்னாரா?"

"ஆமாம். ரெண்டு மூணு தரம்."

நாகேஸ்வரன் எழுந்து நேராக உட்கார்ந்தான். அவன் சுவர்ப் பக்கம் திரும்பப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் திரும்பவில்லை.

"அப்போ போறேன்," என்றான்.

"என்ன சொல்றேள்?"

"இதுவரைக்கும் பார்த்த வைத்தியன் எல்லாம் நிச்சயம்னான். லேகியக்காரன் நிச்சயம்னான், பெரியாஸ்பத்திரி டாக்டரும் நிச்சயம்னார். தெரியலேன்னு சொல்ற ஒருத்தரை இப்பத்தான் கேள்விப்படறேன். அவர் இனிமே கண்ணைத் திறந்து வச்சுண்டு பார்ப்பார்."

"வேண்டாம்னு சொல்வேள்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சுண்டிருந்தேன்." அவன் சிரித்தான். பல நாளைக்குப் பிறகு அவன் சிரிப்பதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே பயமாகவும் இருந்தது. "ஒண்ணு மட்டும் நீ எனக்கு வாக்குக் கொடுக்கணும், சீதா. மோசமாச்சுன்னா என்னை ஆத்துக்குக் கொண்டு வரப்படாது."

"அப்படியெல்லாம் பேசப்படாது."

"குணமிருக்குன்னு சொல்லிப் பழக்குலை கொடுக்கப்படாது. நான் அங்கேயே கிடக்கணும். என்ன ஆனாலும் அவர் பார்க்கட்டும். அடுத்தவனுக்காவது உண்மையைச் சொல்லுவார்."

"அடுத்தவனைப் பத்தி எனக்கென்ன? தெரு என்ன சொல்லும்? என்னை என்ன சொல்லும்? கட்டினவனை அநாதை மாதிரி வெளியிலே விட்டுட்டாள்னு சொல்லாதா?"

"சொல்லும்."

"கடைசியிலே ஒரு வாய் தண்ணி நான் கொடுக்க வேண்டாமா?"

"அங்கே வந்து கொடேன்."

அவள் வாக்குக் கொடுக்காமலேயே எழுந்துகொண்டாள்.  அவன் பிழைப்பதைப் பற்றிப் பேசுகிறானா, சாவதைப் பற்றிப் பேசுகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அவன் குரலில் மட்டும் கச்சேரிக்குப் போகிற காலத்துச் சுறுசுறுப்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று சனிக்கிழமை காலையில் புறப்பட்டார்கள். தெருவில் இரண்டொரு ஜன்னல்கள் திறந்து மூடின. வழியெல்லாம் சுப்பு அண்ணனின் தோளைத் தாங்கிக்கொண்டிருந்தான். குன்றேறும்போது குதிரை திணறியது. வண்டிக்காரன் இறங்கி அதன் பக்கத்தில் நடந்தான்.

டாக்டர் படியிறங்கி வந்தார். இவர்கள் வருவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. சந்தோஷப்படலாமா என்று யோசிப்பவர் போல நின்றார்.

"நல்லா ஆலோசிச்சுத்தான் வந்தேளா?"

"ஆலோசிச்சோம்," என்றான் நாகேஸ்வரன். "என் ஆத்துக்காரி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான்.

சீதாலக்ஷ்மி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அவன் கேட்டதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.  தெருவும், சேஷனைக் கிடத்தியிருந்த கூடமும் கண்முன் வந்து நின்றன.

"இவரை நான் ஆத்துக்குக் கூட்டிண்டு போனாலும் போவேன், டாக்டர்," என்றாள். "அது எனக்கு இப்போ தெரியாது. ஆனா போறப்போ எதுக்குக் கொண்டு போறேன்னு உள்ளதை உள்ளபடி சொல்லிட்டுத்தான் போவேன். அப்புறம் என்ன ஆச்சுன்னு நானே வந்து சொல்லுவேன். நன்னா இருந்தாலும் வருவேன். இல்லேன்னாலும், வருஷம் முடியறதுக்குள்ளே படி தாண்டப்படாதுன்னு யார் சொன்னாலும், வருவேன்."

சுப்பு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் கேட்டது இதில்லே, சீதா," என்றான் நாகேஸ்வரன்.

"தெரியும்," என்றாள் அவள்.

டாக்டர் உள்ளே ஜன்னல் ஓரமாக விரித்து வைத்திருந்த கட்டிலைக் கையால் காட்டினார்.